வோட்டுப் போட வந்தவர் யார்? துண்டுச் சீட்டிலிருந்து அடையாள அட்டை வரை

வீட்டில் யாரிடமாவது பழைய தேசிய அடையாள அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடக் காலத்திலேயே எங்களுக்குள்ள கேட்டு விளையாடினதுதான். ஆனால் அந்தக் கடைசி எழுத்து என்ன? கனபேருடைய அட்டையில் அது 'வி'. சிலருடையதில் 'எக்ஸ்'. 'வி' என்றால் அட்டை கொடுத்த நேரத்தில் அவர் வாக்களிக்கத் தகுதியுடையவர். 'எக்ஸ்' என்றால் தகுதியற்றவர்.

ஒரு மனிசரின் பெயர், பிறந்த திகதி, பால் ஆகியவற்றோடு சேர்த்து அவருக்கு வோட்டு இருக்கா இல்லையா என்பதையும் அரசாங்கம் அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்தது. 2016 ஜனவரியிலிருந்து வருகிற 12 இலக்க இலக்கத்தில் இந்த எழுத்து இல்லை. அதனால் எங்கட வயதுக்காரர் பலருக்கு இப்படியொன்று இருந்ததே தெரியாது. எழுத்து போய்விட்டது. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி போகவில்லை. வாக்களிப்பு நிலையத்துக்கு வருகிறவர் யார் என்பதை எப்படி நிரூபிப்பது? நிரூபிக்கிற கடதாசியை யார் கொடுப்பது? கடதாசி இல்லாதவர் என்ன செய்வது?

இந்தக் கேள்விகளுக்கு இலங்கையில் கிட்டத்தட்ட நூறு வருச வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மலையகத்தில் நடந்தது.

கடதாசிக்கு முதல் தகரம்

தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவில் இருந்து புறப்படுகிற தொழிலாளிக்கு ஒரு சிறிய தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்டும் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழியில் யார் மறித்தாலும் அதைக் காட்டினால் போதும். பெயர் தேவையில்லை. அவர் யார் என்பதல்ல, எந்தத் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதுதான் அன்றைக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தோட்டத்துக்கு வந்த பிறகு 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவருடைய கடனைத் தீர்த்தால் நான் இவரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது கஷ்டம். இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் தேர்தலோடு நேரடியாக இணைக்க முடியாது. அப்போது அந்த மக்களுக்கு வோட்டே இருக்கவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை இவை காட்டுகின்றன. தோட்டத்து மனிசரின் அடையாளம் அவருடைய கையில் இருக்கவில்லை. இன்னொருவர் எழுதிக் கொடுத்தால்தான் அவர் 'ஆள்'. பின்னால் வந்த சட்டங்களை வாசிக்கும்போது இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1931: எல்லாருக்கும் வோட்டு, ஆனால்

டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும். பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமனான வாக்குரிமை கிடைத்தது 1928இல்தான். மூன்றே வருசத்தில் அவர்களுடைய குடியேற்ற நாடொன்றுக்கு அது வந்தது பெரிய விசயம். யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்ததும் நாங்கள் அடிக்கடி பேசுகிற கதை. அதே தேர்தலில் தோட்டங்களில் நடந்ததை நாங்கள் குறைவாகத்தான் பேசுகிறோம்.

தோட்டத் தொழிலாளர்களுக்கும் வோட்டுக் கொடுப்பதா என்பது அன்றைக்குச் சூடான சண்டை. கடைசியில் ஒரு சமரசம் வந்தது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று கருதப்பட்டால் வோட்டு. அல்லாவிட்டால் எழுத்தறிவும் சொத்தோ வருமானமோ இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஐந்து வருசம் இங்கே வசித்ததைக் காட்டி, நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறேன் என்று சொல்லி ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயியிடம் யாரும் வதிவிடச் சான்றிதழ் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். அப்படியிருந்தும் 1931இல் சுமார் ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் வாக்காளர் இடாப்பில் சேர்ந்தார்கள்.

1947 பாராளுமன்றத் தேர்தலில் அந்த வோட்டுகளின் பலம் தெரிந்தது. இலங்கை இந்திய காங்கிரஸ் மலையகத்தில் பல தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான் பாராளுமன்றம் போனார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வோட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை என்பதை அடுத்த இரண்டு வருசங்களில் வந்த மூன்று சட்டங்கள் சொல்கின்றன.

பாட்டன் எங்கே பிறந்தார்?

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் அதை நிரூபிக்கக் கடதாசி வேண்டும். தகப்பன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு எப்படி நடந்தது, தோட்டங்களில் யார் அதைச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் காணி உறுதியோடு இருக்கிற குடும்பத்துக்குப் பிரச்சினை இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கப் போவதும் இல்லை. லயத்தில் இருந்தவருக்கு நிரூபிக்கிற பாரம் முழுக்க அவருடைய தலையில்.

இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். விண்ணப்பித்துப் பிரசையாகலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன்னால் திருமணமானவர் என்றால் 7 வருசமும், திருமணமாகாதவர் என்றால் 10 வருசமும் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருச அவகாசம். இடையில் ஊருக்குப் போய்வந்தவரின் கதையெல்லாம் 'இடைவிடாமல்' என்ற சொல்லில் சிக்கியது. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

மூன்றாவது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். வாக்காளராக இருக்கப் பிரசையாக இருக்க வேண்டும் என்றது. முதல் சட்டத்தில் ஆரம்பித்ததை இது முடித்து வைத்தது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. இன்னொரு விசயமும் இருக்கிறது. தொகுதிகளைப் பிரித்தபோது மொத்தச் சனத்தொகையைக் கணக்கெடுத்தார்கள். ஆகவே தோட்டத்து மக்களின் தலைகள் மலையகத்துக்கு ஆசனங்களைப் பெற்றுக் கொடுத்தன. ஆனால் அந்த ஆசனங்களுக்கு யார் போவது என்று தீர்மானிக்க அவர்களுக்கு வோட்டு இல்லை. எண்ணும்போது ஆள், கேட்கும்போது ஆளில்லை.

இந்தக் கேள்வியில் தமிழ்க் காங்கிரசும் உடைந்தது. அரசாங்கத்தில் அமைச்சரான ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடு முரண்பட்டு வெளியேறிய செல்வநாயகமும் மற்றவர்களும் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்கள். வடக்குக் கிழக்கு அரசியலின் ஒரு முக்கியமான பிரிவு, மலையகத்தாரின் பிரசாவுரிமை பற்றிய சண்டையோடு பிறந்தது என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரசாவுரிமை. 1948க்கும் 2003க்கும் இடையில் 55 வருசம்.

அட்டை வருகிறது

தேசிய அடையாள அட்டைக்கான சட்டம் 1968இல் வந்தது. ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம், 32ஆம் இலக்கம். முதல் அட்டைகள் கொடுக்கப்பட்டது 1972இல். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு அடுத்த வருசம். அட்டை தேர்தலுக்காக மட்டும் உருவானதல்ல. பின்னர் வந்த யுத்த காலத்தில் அது என்னவாக மாறியது என்று வடக்குக் கிழக்கில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சோதனைச்சாவடியில் முதலில் கேட்பது ஐசி. அது இல்லாமல் படலையைத் தாண்டுவதே பயம். எங்கட அம்மா இப்பவும் கடைக்குப் போகேக்க மணிபேர்சை மறந்தாலும் ஐசியை மறக்கமாட்டா.

ஆனால் வாக்களிப்பு நிலையத்தில் நீண்ட காலமாக அட்டை கட்டாயமாக இருக்கவில்லை. வாக்காளர் வருவார். உத்தியோகத்தர் இடாப்பில் உள்ள இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். கட்சிகளின் முகவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வந்தவர் அந்த ஆள் இல்லை என்று சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்கலாம். விரலில் மை பூசுவார்கள். ஊரார் ஒருவரையொருவர் அறிந்திருக்கிற இடத்தில் இந்த முறை ஓரளவு வேலை செய்யும். முகவர் பயந்தால், அல்லது முகவரை அடித்துத் துரத்தினால், எதுவும் வேலை செய்யாது.

கள்ள வோட்டு என்பது எங்களுக்குக் கட்டுக்கதையல்ல. 1981இல் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்த விதம், அதே நாட்களில் நூலகம் எரிக்கப்பட்டதோடு சேர்ந்து நினைவில் இருக்கிறது. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தல், தென்னிலங்கையிலேயே மோசடிக்கு உதாரணமாகிப் போனது. வடக்கில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. ஆக்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். பெயர்கள் இடாப்பிலேயே இருந்தன. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். 2015இல் 7. 2024இல் 6. இடாப்பைத் திருத்தத் திருத்த இல்லாத ஆக்களின் பெயர்கள் கழிந்தன. ஆள் இல்லாத பெயர் ஒவ்வொன்றும் கள்ள வோட்டுக்குத் திறந்து வைத்த கதவு மாதிரி.

இந்தப் பின்னணியில் 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. வாக்களிக்க வருகிறவர் தன்னுடைய அடையாளத்தை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் அட்டை ஆகியவை ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. தபாலில் வருகிற வாக்காளர் அட்டை அடையாளம் அல்ல. அது வெறும் அறிவித்தல். கனபேர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003இல் நாடற்ற மலையக மக்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கிறார்கள். அடுத்த வருசமே, வோட்டுப் போட அட்டை வேண்டும் என்று சட்டம் வருகிறது. பிரசை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பிரசை என்று காட்டுகிற அட்டையை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். விண்ணப்பத்தை யாராவது உறுதிப்படுத்த வேண்டும். ஊரில் அதைக் கிராம உத்தியோகத்தர் செய்வார். பாடசாலை மாணவருக்கு அதிபர் செய்வார். தோட்டத்தில்? தோட்ட அத்தியட்சகர். மறுபடியும் துரை எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதங்களும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, பிறகு வரும். வாக்காளர் அட்டைக்கும் அதே கதைதான்.

இதை யாராவது சதியாகத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2004 சட்டத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் கொழும்பில் இருக்கிறவருக்கு அட்டை கேட்பதும் பொகவந்தலாவையில் லயத்தில் இருக்கிறவருக்கு அட்டை கேட்பதும் ஒரே பாரம் இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கையில் இருந்த பைகூட மிஞ்சாமல் முகாமுக்கு வந்தவருக்கும் அப்படித்தான்.

சட்டத்தைப் பாதுகாத்த ஒன்று இருக்கிறது. எந்த ஆவணமும் இல்லாதவருக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை கொடுக்கிறது. புகைப்படத்தோடு கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களத்தின் உறுதிப்படுத்தல் கடிதமும் ஏற்கப்படுகிறது. கண்காணிப்பு அமைப்புகளும் நடமாடும் சேவைகளும் அட்டையில்லாதவர்களைத் தேடிப் போய் உதவின. அட்டை கேட்கிற சட்டம் ஓரளவு நியாயமாக இயங்குவது இதனால்தான். கேட்கிறவனே கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறான்.

தபாலில் போடுகிறவர்களுக்கு யார் சாட்சி?

நேரில் போகிறவர் அட்டை காட்டுகிறார். தபால்மூலம் போடுகிறவர்?

வெளிநாடுகளில் தபால் வாக்கு என்றால் வீட்டில் மேசையில் இருந்து புள்ளடி போட்டு, கடித உறையை ஒட்டி அனுப்புவது. இலங்கையில் அப்படியில்லை. இங்கே அது பெரும்பாலும் அரச ஊழியர்கள், பொலிஸார், முப்படையினர் ஆகியோருக்குரியது. தேர்தல் நாளில் கடமை காரணமாகத் தங்களுடைய வாக்களிப்பு நிலையத்துக்குப் போக முடியாதவர்கள். அவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வாக்குச்சீட்டுகள் அவர்கள் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் வரும். குறித்த நாட்களில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னிலையில், ஆனால் இரகசியமாக, புள்ளடி போட வேண்டும். தான் இன்னார்தான் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்க, அந்த அலுவலர் அதை அத்தாட்சிப்படுத்துவார். பிறகு உறையில் போட்டு ஒட்டித் தபாலில் திரும்பிப் போகும்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் மொத்த வாக்காளர் சுமார் 1 கோடியே 71 லட்சம். அதில் தபால்மூலம் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் சுமார் 7 லட்சத்து 12 ஆயிரம். அவர்களுடைய வாக்களிப்பு செப்டெம்பர் 4ஆம் திகதி ஆரம்பித்தது. மற்ற எல்லாருக்கும் 21ஆம் திகதி.

ஆக, தபால் வாக்கில் ஒருவரின் அடையாளத்துக்குப் பொறுப்பு நிற்பது அவர் வேலை செய்கிற இடம். அவரை ஏற்கெனவே அறிந்த ஒரு அலுவலர். இதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. மோசடி குறைவு. ஆனால் மேலதிகாரிக்கு முன்னால் வோட்டுப் போடுகிறோம் என்ற நெருடல் சிலருக்கு இருக்கலாம். இன்னொரு பக்கம், அரசாங்க வேலை இல்லாதவர்களுக்கு இந்த வழியே இல்லை. கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிற ஹற்றன் பெடியனுக்கும், கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் தபால் வாக்கு இல்லை. பல்கலைக்கழக மாணவர்களாகிய எங்களுக்கும் இல்லை. எங்கட விடுதியில் இருக்கிற மலையகப் பிள்ளைகள் தேர்தல் வந்தால் ஒரு நாள் போக, ஒரு நாள் வர என்று கணக்குப் போடுவார்கள். பஸ் காசைக் கணக்குப் போட்டதும் சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

தனியார் துறை ஊழியர்களுக்கு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிக்கிறது. 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரைநாள். 40இலிருந்து 100 வரை ஒரு நாள். 100இலிருந்து 150 வரை ஒன்றரை நாள். அதற்கு மேல் இரண்டு நாள். எத்தனை முதலாளிமார் இதைக் கொடுக்கிறார்கள், எத்தனை ஊழியர்களுக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியும் என்பது வேற கதை. வெளிநாட்டில் வேலை செய்கிற இலங்கையர்களுக்கும் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. அவர்கள் அனுப்புகிற காசு வேண்டும், வோட்டு வரவேண்டாம்.

இடம்பெயர்ந்தவர்களின் கதையும் இதோடு சேரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்தபடி மன்னாரில் வாக்காளராகத் தொடர்ந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் சொந்த இடத்தில் பதிவு செய்துகொள்ள 2013இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. 2019 நவம்பர் 16இல் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன பஸ்கள் தந்திரிமலையில் தாக்கப்பட்டன. அந்த பஸ்களில் இருந்தவர்களிடம் அட்டை இருந்தது, இடாப்பில் பெயரும் இருந்தது. இருந்தும் ஒரு வோட்டுக்காக அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

பிரித்தானியாவைப் பார்த்தால்

எங்களுக்கு வாக்குரிமை கொடுத்த பிரித்தானியாவில் வாக்களிப்பு நிலையத்தில் அண்மைக்காலம் வரைக்கும் பெயரையும் விலாசத்தையும் சொன்னால் போதும். வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு. அங்கே கள்ள வோட்டுப் பயத்தால் 2003இலிருந்தே படத்தோடு அடையாள அட்டை கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், 2023 மே உள்ளூராட்சித் தேர்தலில்தான் முதன்முறையாக எல்லாரிடமும் கேட்டார்கள். சுமார் 14,000 பேர் அட்டை இல்லாமல் வந்து, திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வரவேயில்லை. முதியவர்களின் பஸ் பாஸை ஏற்றுக்கொண்டவர்கள் இளைஞர்களின் ரயில் அட்டையை ஏற்கவில்லை என்று அங்கே பெரிய சர்ச்சை. தபால்மூலம் போடுகிறவர்கள் அட்டை காட்டத் தேவையில்லை. கையெழுத்தும் பிறந்த திகதியும் ஒத்துப்போனால் சரி.

இதைச் சொல்வது அவர்களைப் பார்த்துச் சிரிக்க அல்ல. எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்று ஒரு பட்டியல் போடும்போதே யார் சுலபமாக உள்ளே வருவார், யார் வாசலில் நிற்பார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. 1948இல் அந்தப் பட்டியலில் இருந்தது தகப்பனின் பிறப்புப் பதிவு.

மூன்று வாசல்

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வோட்டுக்கு முன்னால் மூன்று வாசல்கள் இருப்பது தெரியும். பிரசாவுரிமை, இடாப்பு, அடையாளம். மூன்றும் திறந்திருந்தால்தான் உள்ளே போகலாம். 2010 ஜனாதிபதித் தேர்தலில் சரத் பொன்சேகா வேட்பாளர். நாடு முழுக்க அவருடைய முகம் சுவரொட்டிகளில் இருந்தது. ஆனால் இடாப்பில் அவருடைய பெயர் இல்லை. அதனால் அவரால் தனக்கே வோட்டுப் போட முடியவில்லை. அடையாளத்தில் அவருக்கு என்ன குறை? இரண்டாவது வாசல் பூட்டியிருந்தது. அவருக்கு அது ஒரு நாள் செய்தி. மலையகத்தாருக்கு முதல் வாசலே அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்தது. அது திறந்தபோது மூன்றாவது வாசலில் புதிதாகப் பூட்டுப் போட்டார்கள்.

வாக்களிப்பது கருத்து வெளியிடும் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்று எங்கட உயர் நீதிமன்றம் 1999இல், பிற்போடப்பட்ட மாகாண சபைத் தேர்தல்கள் பற்றிய வழக்கில் சொன்னது. அப்படியென்றால் அட்டை இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவருடைய வாயை மூடுவதற்குச் சமம். அதைச் செய்ய வேண்டி வரலாம். ஆனால் அதற்கு முன்னால் அட்டையை அவருடைய கையில் கொண்டுபோய்க் கொடுத்தோமா என்று அரசாங்கம் தன்னைத்தானே கேட்க வேண்டும்.

இப்போது இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்கிறார்கள். விரல் அடையாளம், கண், எல்லாம் பதிவாகும். கள்ள வோட்டுக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். ஆனால் அதற்கும் முதலில் ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு விலாசம், உறுதிப்படுத்த ஒருவர் வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுத்து எடுத்து ரேகை தேய்ந்த விரல்களை அந்தக் கருவி வாசிக்குமா என்றும் இப்பவே கேட்டு வைக்க வேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 18 வயது பூர்த்தியாகிறவர்களைத் துணை இடாப்புகளில் சேர்ப்பதற்காக 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கட பெயர் இருக்கிறதா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டு நிமிசத்தில் பார்க்கலாம். பார்த்துவிட்டு, உங்கட வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அட்டை இல்லாமல் இருக்கிற ஒருவரைத் தேடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். தேர்தல் அறிவிச்ச பிறகு ஓடினால் வரிசை நீளமாக இருக்கும்.